ஆய்லர் ஐந்து தரம்தான் வகுத்தார்

வணக்கம் சேர்,

4294967297 என்ற எண் 641ஆல் மீதியில்லாமல் வகுபடும் என்று 1732இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் காட்டியதாகப் போன கிழமை எழுதியிருந்தீர்கள். கல்குலேற்றரில் அடித்துப் பார்த்தேன், 6700417 சரியாக வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் ஆய்லர் 2, 3, 5, 7 என்று தொடங்கி 641 வரைக்கும் வகுத்துக்கொண்டா இருந்தார்? ரியூசனில் கேட்டதற்கு, "சோதனைக்கு வராது, விடு" என்றார்கள்.

உப்புவெளியிலிருந்து ஓர் உயர்தர மாணவன்

தம்பி,

சோதனைக்கு வராத கேள்வி என்றால் எனக்கு ஒரு தனிச் சந்தோசம்.

நீர் சொல்வதுபோல வகுத்திருந்தால், 641 என்பது 116ஆவது முதன்மை எண், அத்தனை தரம் வகுக்க வேண்டும். (தமிழ்நாட்டில் இதைப் பகா எண் என்பார்கள், எனக்கென்னவோ அந்தச் சொல்தான் பிடிக்கும்.) 2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களோடு 1ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் முதன்மை எண்களாக வந்ததைப் பார்த்து, இந்த வரிசையில் அடுத்ததும் அப்படியே என்று 1640இல் பிரெஞ்சுக் கணிதர் பெர்மா நம்பினார். அந்த அடுத்தது, அதாவது 2இன் 32ஆம் வலுவோடு 1ஐக் கூட்டினால் வருவது, நம்முடைய எண்.

ஆய்லர் 1732இல் விடையை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார், வழியைப் பல வருசம் கழித்துத்தான் நிறுவினார். இந்த எண்ணுக்கு எந்த முதன்மைக் காரணி இருந்தாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். நேற்றுப் பின்னேரம் கடற்கரையில் இருந்து, கச்சான் சுற்றித் தந்த தாளில் எழுதிப் பார்த்தேன்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் முதன்மை அல்லாதவற்றை வெட்டினால் மிஞ்சுவது 193, 257, 449, 577, 641. அவ்வளவுதான், ஐந்தாவதில் ஆள் அகப்பட்டுவிடும். (தாளை அப்புறம் ஒரு மான் இழுத்துத் தின்றுவிட்டது. நம்ம ஊர் மானுக்குக் கச்சான் தாளும் ஒன்று, கணக்குத் தாளும் ஒன்று.)

விடை தெரிந்த பிறகு வகுக்கவே தேவையில்லை என்பதுதான் இன்னும் வடிவு. 641 என்பது 5 தர 128, அதோடு 1. அதே 641தான் 5இன் 4ஆம் வலுவும் 2இன் 4ஆம் வலுவும் சேர்ந்தது, 625உம் 16உம். 640 என்பது 641க்கு ஒன்று குறைவு, ஆகவே 641ஆல் வகுக்கும்போது 640க்கு மீதி -1 என்று வைக்கலாம், அதை 4ஆம் வலுவுக்கு உயர்த்தினால் மீதி 1. அந்த 4ஆம் வலு என்பது 625 தர 2இன் 28ஆம் வலு. 625 என்பது 641க்கு 16 குறைவு, ஆகவே 625ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் -16ஐப் போடும். 16 என்பது 2இன் 4ஆம் வலு, 28உம் 4உம் 32. ஆக 2இன் 32ஆம் வலுவுக்கு மீதி -1, அதோடு 1ஐக் கூட்டினால் மீதி பூச்சியம். முடிந்தது கதை.

இன்னொன்று. 65536இன் வர்க்கத்தோடு 1ஐக் கூட்டினாலும் இதே எண், 62264இன் வர்க்கத்தோடு 20449இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் இதே எண். ஒரு முதன்மை எண்ணை இப்படி இரண்டு விதமாக எழுதவே முடியாது, ஆகவே 641 என்ற பேரையே எடுக்காமலும் பெர்மாவை மடக்கலாம்.

சரி, உமக்கு ஒரு வேலை. 6700417 முதன்மை எண்ணா? அதன் காரணிகளுக்கும் அதே 64 விதிதான், அதன் வர்க்கமூலம் 2589க்குக் கீழே என்பதால் 2588ஐத் தாண்டத் தேவையில்லை, 641க்குக் கீழே உள்ளதெல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. கல்குலேற்றரைத் தொடாமல் செய்து பார்த்துவிட்டு எழுதும்.