பைக் நின்றால் பச்சை விழவில்லையா? சென்சாரை மாற்றும் முன் கம்பத்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் புறவழிச்சாலைச் சந்திப்பில் ரேடார் சென்சார் வைத்த சிக்னலின் பராமரிப்பு என் பொறுப்பு. இரவில் பக்கச் சாலையில் பைக் தனியாக வந்து நின்றால் பச்சை விழுவதில்லை. மழை பெய்தால் யாருமே இல்லாமல் பச்சை விழுகிறது. இது 24 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் பழைய ரகம், 77 கிகாஹெர்ட்ஸ் போட்டால் சரியாகும் என்று சப்ளையர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லையும் பெரும்பாலும் ஒரே கையின் வேலைதான். பைக் தெரியவில்லை என்று புகார் வந்ததும் யாரோ சென்சிட்டிவிட்டியைக் கூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பைக் அப்போதும் தெரிந்திருக்காது. ஆனால் மழையில் நனைந்து ஆடும் வேப்பங்கிளையும், எதிரே கட்டிய ஃப்ளெக்ஸும் வண்டியாகத் தெரிய ஆரம்பித்திருக்கும். நனைந்த பொருள் ரேடார் அலையை நன்றாகவே திருப்பி அனுப்பும். கிளையைக் கழிக்கச் சொல்லுங்கள், ஃப்ளெக்ஸை எடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் சென்சிட்டிவிட்டியைப் பழைய அளவுக்கே இறக்குங்கள்.

பைக் விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் பைக் எங்கே நிற்கிறது? நிறுத்தக் கோட்டைத் தாண்டி, வரிக்கோட்டின் மேல், பல நேரம் அதற்கும் முன்னால். சென்சாரை அமைக்க வந்தவர் கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து, சென்சார் வண்டியைத் தேடும் இடத்தை, அதாவது கண்டறியும் பகுதியை, கோட்டோடு முடித்திருப்பார். கார் நின்றால் அதில் விழும், பைக் விழாது. மென்பொருளில் அந்தப் பகுதியை முன்னே இரண்டு மூன்று மீட்டர் நீட்டினாலே பல சந்திப்புகளில் புகார் நின்றுவிடும். சென்சார் அதே பக்கக் கம்பத்தில் இருந்து பின்னோக்கிப் பார்க்கிறது என்றால், கம்பத்தடியில் அதற்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கும். முன்னேறி வந்த பைக் சரியாக அங்கேதான் நிற்கும். அப்போது சென்சாரை எதிர்ப்பக்கக் கம்பத்துக்கு மாற்ற வேண்டியிருக்கலாம்.

கோணத்தையும் பாருங்கள். காற்றிலும், உயரமான லோடு உரசியதிலும் பிராக்கெட் திரும்பியிருக்கும். சரியான கோணத்தில் முடுக்கியதும் நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டுவையுங்கள். கோடு விலகியிருந்தால் கீழே இருந்தே தெரிந்துவிடும். சென்சாரின் முகப்பை ஈரத் துணியால் துடைத்தால் போதும். தின்னர் கூடாது, கம்பத்துக்கு அடிக்கும் அலுமினியம் பெயின்ட் அதன் மேல் படவே கூடாது.

77 நல்லதுதான், மறுக்கவில்லை. 24-இல் கிடைக்கும் அலைவரிசை அகலம் சுமார் 200 மெகாஹெர்ட்ஸ். முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருளைத் தனித்தனியாகக் காட்ட ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். 77-இல் அதைவிட மிக நுணுக்கமாகப் பிரிக்கலாம். ஆனால் உங்கள் பிரச்சினை நெருக்கியடிக்கும் பத்து பைக் அல்ல, தனியாக நிற்கும் ஒன்று. அதற்கு இந்த நுணுக்கம் தேவையே இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. சாதாரண டாப்ளர் ரகம் ஓடும் வண்டியை மட்டுமே பார்க்கும். நின்ற வண்டி அதற்கு இல்லாத வண்டி. விலை குறைவு என்று இதை சந்திப்பில் மாட்டிவிடுகிறார்கள். மாடல் எண்ணைக் கையேட்டோடு ஒப்பிட்டு, 'நின்ற வாகனத்தைக் கண்டறியும்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றாலும் உடனே தூக்கிப் போடாதீர்கள். சிக்னல் கன்ட்ரோலரில் லாக்கிங் என்றொரு வசதி இருக்கும். பைக் ஓடி வரும்போது சென்சார் அனுப்பும் 'வண்டி வந்திருக்கிறது' என்ற அழைப்பை, பச்சை விழும்வரை அது பிடித்து வைத்திருக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: நிற்காமல் இடதுபுறம் திரும்பிப் போய்விட்ட வண்டிக்கும் அழைப்பு பதிவாகி, காலிச் சாலைக்குப் பச்சை விழும். உங்கள் பக்கச் சாலையில் இடது திரும்புவோர் குறைவு என்றால் லாக்கிங் போதும். அதிகம் என்றால், நின்ற வண்டியைப் பார்க்கும் சென்சார்தான் வழி. அப்போதுகூட 24 கிகாஹெர்ட்ஸிலேயே அது கிடைக்கும்.

இவ்வளவும் நீங்களே செய்யலாம், கையில் பாஸ்வேர்டு இருந்தால். அங்கேதான் வியாபாரம் நடக்கிறது. பொருத்தியவர்கள் பாஸ்வேர்டையும் அமைப்புக் கோப்பையும் ஒப்படைக்காமலே போய்விடுவார்கள். பிறகு ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் அவர்களே வர வேண்டும், ஒவ்வொரு வருகைக்கும் பில். ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'அமைப்பு மாற்றம் தனிக் கட்டணம்' என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்வேர்டு, அமைப்புக் கோப்பு இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். வரும்வரை பாக்கித் தொகையை விடாதீர்கள். நம் டெண்டர்களைப் படித்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. கம்பம் எத்தனை, கேபிள் எத்தனை மீட்டர், சென்சார் எத்தனை என்று எண்ணி அளந்து பணம் தருகிறார்கள். பைக் தெரிகிறதா என்று நின்று பார்த்த பிறகே பணம் என்று ஒரு வரி சேர்க்க யாருக்கும் மனம் வருவதில்லை.

அந்தச் சோதனையை நீங்கள் செய்யுங்கள். போக்குவரத்து அடங்கிய ராத்திரியில் ஒரு பைக்கை இடது ஓரம், நடு, வலது ஓரம், கோட்டுக்கு முன்னால் என நான்கு இடத்திலும் நிறுத்தி, ஒவ்வொன்றையும் பலமுறை பாருங்கள். இன்னொருவர் கன்ட்ரோலர் இருக்கும் கேபினெட்டில் கண்டறிதல் விளக்கைப் பார்த்து எழுதட்டும். கிளை, கோணம், கண்டறியும் பகுதி ஆகிய மூன்றும் சரியான பிறகும் நடுவில் நிற்கும் பைக் தெரியவில்லை என்றால் சென்சார் பழுதாக இருக்கலாம். அப்போது அந்தத் தாளை இணைத்து, வாரண்டியில் இலவசமாக மாற்றித் தரச் சொல்லி எழுதுங்கள்.