பழைய ப்ராசசரை மாற்றலாமா? கேள்வி பதில்

ப்ராசசர் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் என்னால் சொல்ல முடிந்தவற்றுக்கு இங்கே பதில். மானிட்டர், பிரிண்டர் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: ஐ3-2100, 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். ஆன் செய்து டெஸ்க்டாப் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது. ஐ7 போட்டால் சரியாகுமா?

ஆகாது. உங்கள் கம்ப்யூட்டர் காத்துக் கிடப்பது டிஸ்க்குக்காக. சுழலும் டிஸ்க் ஒவ்வொரு சின்னக் கோப்பையும் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லிசெகண்ட் எடுக்கும், சுழலும் பகுதியே இல்லாத எஸ்எஸ்டிக்கு 0.1 மில்லிசெகண்ட்கூட ஆகாது. விண்டோஸ் தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தேடுகிறது. எந்த ப்ராசசர் போட்டாலும் அந்த நேரம் குறையாது.

முதலில் எஸ்எஸ்டி, அப்புறம் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். சில நாள் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் இழுத்தால் ப்ராசசரைப் பற்றிப் பேசலாம். உங்களுடையது எல்ஜிஏ 1155 சாக்கெட் (ப்ராசசர் உட்காரும் இடம்). ஐ5-2400, ஐ7-2600 இரண்டும் அதில் உட்காரும். ஐ7-3770 வேண்டுமென்றால் மதர்போர்டு தயாரிப்பாளரின் பட்டியலில் அது இருக்கிறதா, எந்த பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பிலிருந்து என்று பாருங்கள்.

பயாஸை, பழைய ப்ராசசர் மாட்டியிருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும். புதியதை மாட்டிய பிறகு போர்டு அதை அடையாளம் காணாவிட்டால் திரையே வராது. அந்த நிலையில் பயாஸைப் புதுப்பிக்கப் பல பழைய போர்டுகளில் வழி கிடையாது.

கேள்வி: என் போர்டில் ஐ5-6500 இருக்கிறது, சாக்கெட் 1151. ஐ7-8700-ம் 1151 தானே, போடலாமா?

உட்காரும், ஓடாது. இந்தப் பெயர்க் குழப்பத்தில் விழுந்தவர்கள் ஏராளம். 6, 7ஆம் தலைமுறைகளுக்கு 100, 200 வரிசை சிப்செட் (போர்டில் இருக்கும் துணைச் சிப்); 2017 கடைசியில் வந்த 8ஆம் தலைமுறைக்கு 300 வரிசை. சாக்கெட்டின் பெயர் மாறவில்லை, உள்ளே பின்களின் வேலை மாறிவிட்டது. உங்களுக்கு எல்லை 7ஆம் தலைமுறை; ஐ7-7700 போடலாம். பயாஸ் முதலில்.

கேள்வி: ரைசன் 5 1600, பி350 போர்டு. புது கம்ப்யூட்டரே வாங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். இன்று வந்த கேள்விகளிலேயே நல்ல இடத்தில் இருப்பவர் நீங்கள்தான். 2017இல் வந்த ஏஎம்4 சாக்கெட் போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 2022இல் ரைசன் 5000 வரிசையை ஏற்கும் பயாஸ் வந்தது. ரைசன் 5 5600-லும் 6 கோர் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 12 த்ரெட்தான் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்). ஆனால் ஒவ்வொரு கோரும் வெகுவாக வேகம் கூடியது. போர்டு, ரேம் எதையும் தொட வேண்டியதில்லை. விளையாட்டுதான் முக்கியம் என்றால் 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) உள்ள 5800எக்ஸ்3டி இருக்கிறது. அது 105 வாட். பெட்டியில் கூலர் (சூட்டை இறக்கும் விசிறி) வராது. மின்சாரப் பகுதியில் ஹீட்சிங்க் கூட இல்லாத மலிவான பி350 என்றால் 65 வாட் 5600-ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாற்றும் முன் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் வசதி ப்ராசசருக்குள்ளேயே இருப்பதால், சிப்பை மாற்றினால் விண்டோஸ் ரெகவரி கீ கேட்கும். அது கையில் இல்லையென்றால் டிஸ்கில் இருப்பதெல்லாம் போச்சு. அடுத்து, கூலரை நேராகப் பிடித்து இழுக்காதீர்கள். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் இறுகியிருந்தால் ப்ராசசரும் கூடவே வந்து பின் வளைந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்து, கூலரை இப்படியும் அப்படியும் லேசாகத் திருகி எடுங்கள்.

கேள்வி: ஐ5-4590. விளையாடும்போது டாஸ்க் மேனேஜர் ப்ராசசரை 40 சதவீதம்தான் காட்டுகிறது. அப்படியென்றால் தடை அது இல்லையே?

அந்த எண் நான்கு கோர்களின் சராசரி. ஒரு கோர் முழுக்க மூச்சுத் திணறினாலும் 25 என்றுதான் காட்டும். கோர் வாரியாகப் பிரித்துப் பார்த்தாலும் விண்டோஸ் வேலையைக் கோர்களுக்கிடையே மாற்றிக்கொண்டே இருப்பதால் ஏமாறலாம். கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள். ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) வரம்பு எதுவும் வைக்காமலே அது 60, 70 சதவீதத்தில் நின்றால் ப்ராசசர் தாமதிக்கிறது என்று சந்தேகப்படலாம். ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃப்ரேம் கூடவில்லையென்றால் சந்தேகம் உறுதி.

கேள்வி (இன்னொருவர்): ஐ5-4590-க்கும் ஐ7-4790-க்கும் சராசரி ஃப்ரேம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐ7 வாங்கச் சொல்வது காசைக் கரியாக்கும் வேலை.

சராசரியை வைத்துப் பேசினால் அப்படித்தான் தெரியும். ஒரு கணக்குப் போடுவோம். நூறு ஃப்ரேமும் 16 மில்லிசெகண்டில் வந்தால் நொடிக்கு 62.5 ஃப்ரேம். அதில் ஒன்று மட்டும் 100 மில்லிசெகண்ட் எடுத்தால் சராசரி 59.4. எண்ணில் பெரிதாக மாற்றமில்லை. கண்ணுக்கோ படம் பளிச்சென்று வெட்டும். நான்கு த்ரெட் மட்டும் உள்ள ப்ராசசர்களில் புதிய விளையாட்டுகள் தரும் தொல்லை இதுதான். எட்டு த்ரெட் இருந்தால் வெட்டு குறையும். சராசரியை விடுங்கள், மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் எண்ணைப் பாருங்கள்.

கேள்வி (அதே நபர்): பின்னணியில் பிரவுசரை மூடினாலே வெட்டு போய்விடுகிறதே!

போகிறது, பாதி. அதுவே நான்கு த்ரெட் போதவில்லை என்பதற்குச் சாட்சி. நீங்கள் எனக்காக வாதாடுகிறீர்கள்.

கேள்வி (மூன்றாமவர்): நான் பழைய விளையாட்டுகள்தான் ஆடுகிறேன். இரண்டு கோரே போதும், எதற்கு இவ்வளவு சண்டை?

உங்களுக்குப் போதும். சண்டை உங்களைப் பற்றியது இல்லை.

கேள்வி: ஐ3, ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி. ஐ5 போடலாமா?

முதல் கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: ஐ7-4790 போட்டால் விண்டோஸ் 11 வருமா?

இன்டெலில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான், ஓரிரு விதிவிலக்குகள் தவிர. ஐ7-7700 கூட அந்தப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 11-ஐ மனதில் வைத்து அதே போர்டில் ப்ராசசர் மாற்றாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் அருமையாக ஓடும்.

கேள்வி: ஜியான் இ3-1230 வி2 மலிவாகக் கிடைக்கிறதே?

நல்ல சிப், சர்வர்களுக்கான இன்டெல் ப்ராசசர். உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லையென்றால் திரை கறுப்புதான். பயாஸ், மறக்காதீர்கள்.

கேள்வி: 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், பென்டியம்...

எஸ்எஸ்டி.

கேள்வி: லேப்டாப்பில் ப்ராசசர் மாற்ற முடியுமா?

இப்போதைய லேப்டாப்களில் அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். முடியாது.

கேள்வி: பயாஸை முன்னால் புதுப்பிக்க வேண்டுமா, பின்னாலா?

முன்னால். இதை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவைதான் சொல்வது?

கேள்வி: பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் மந்தமாகிறது. ப்ராசசர் தேய்ந்துவிட்டதா?

ப்ராசசர் அப்படித் தேயாது. சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. தூசியைத் தட்டி, விசிறி சுற்றுகிறதா என்று பார்த்து, பேஸ்டை மாற்றுங்கள்.

கேள்வி: ஐ7-2600-இலிருந்து ஐ7-3770?

வித்தியாசம் பெஞ்ச்மார்க்கில் தெரியும், உங்களுக்குத் தெரியாது. விடுங்கள்.

கேள்வி: நான்தான், சராசரிக்காக வாதாடியவன். தெரிந்தவர் ஒருவர் ஐ7-4790-ஐச் சும்மாவே கொடுத்துவிட்டார். கூலர் மாற்ற வேண்டுமா? பேஸ்ட் எவ்வளவு?

ஐ5-4590, ஐ7-4790 இரண்டும் 84 வாட், இருக்கும் கூலரே போதும். பழைய பேஸ்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு வையுங்கள். சாக்கெட்டுக்குள் விரல் படக் கூடாது. இன்டெலில் பின்கள் போர்டின் பக்கம் இருக்கின்றன.