மெல்பர்ன் குளிருக்கு ஆயில் ஹீட்டரா, ஏர்கானா?

கேள்வி: மெல்பர்னில் படிக்கும் மகள், தோழிகளோடு பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். ஹாலில் ஏர்கான் உண்டு. ஆனால் குளிர்காற்றுதான் வருகிறதாம். ஆயில் ஹீட்டர் மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் என்று யாரோ சொன்னார்களாம். இங்கிருந்தே ஒன்று வாங்கி அனுப்பட்டுமா?
– வாசகி, தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: அனுப்பாதீர்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே சேராது. 2,400 வாட் ஹீட்டரைப் பயண அடாப்டரில் மாட்டி மணிக்கணக்காக ஓடவிட்டால் அடாப்டர் உருகிவிடலாம்.

ஆயில் ஹீட்டர் சிக்கனம் என்பதும் சரியல்ல. ஆயிலோ ஃபேன் ஹீட்டரோ, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். ஆயில் ஹீட்டர் சூடேற அரை மணி நேரம் பிடிக்கும், சத்தம் போடாது, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பாக இருக்கும். அதனால் படுக்கையறைக்கு ஏற்றது. உடனே சூடு வேண்டுமென்றால் ஃபேன் ஹீட்டர்.

ஏர்கான் கணக்கு வேறு. நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஏர்கான் பெரும்பாலும் குளிர மட்டுமே வைக்கும். அங்குள்ளவை பெரும்பாலும் குளிரவும் வைக்கும், சூடாக்கவும் செய்யும். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே கொண்டுவருகிறது. ஜூலை இரவின் 6, 7 டிகிரிக் காற்றிலும் எடுக்க வெப்பம் இருக்கிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பமாவது கிடைக்கும். 2,000 வாட் ஆயில் ஹீட்டர் ஐந்து மணி நேரத்துக்கு 10 யூனிட் எரிக்கும் என்றால், அதே வெப்பத்துக்கு ஏர்கானுக்கு ஏறக்குறைய 3 யூனிட் போதும்.

குளிர்காற்று ஏன் வருகிறது என்று அறிய முதலில் ரிமோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சூரியப் படம் இருக்கவேண்டும். பனிப்பூவோ ‘ஆட்டோ’வோ கூடாது. 19, 20 டிகிரி போதும். 30 வைத்தால் அறை சீக்கிரம் சூடாகிவிடாது, கட்டணம்தான் ஏறும். போட்டதும் சில நிமிடம் காற்றே வராது. உள்ளே குழாய் சூடேறக் காத்திருக்கிறது. கடுங்குளிரில் வெளிப்பெட்டியில் பனி உறைந்தால் அதை உருக்க 5, 10 நிமிடம் நின்றுவிடும், ஆவிகூடக் கிளம்பும். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் இதைப் பழுது என்று நினைத்து அணைத்துவிடுவார்கள். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் ஏர்கான் வாயிலுள்ள தகட்டைக் கீழ்நோக்கித் திருப்பவேண்டும். ஃபில்டரைக் கழுவி, கதவடி இடுக்கைத் துண்டால் அடைத்தாலே வித்தியாசம் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் சூடு வரவில்லையா? ஏஜெண்டுக்கு எழுத்தில் தெரிவிக்கட்டும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநில வாடகை வீட்டில், முக்கிய ஹாலில் வேலை செய்யும் நிலையான ஹீட்டர் இருக்கவேண்டும் என்பது 2021 மார்ச்சிலிருந்து சட்டம். வீட்டுக்காரர் கொடுத்த ஹீட்டர் பழுதானால் அது அவசரப் பழுது.

வீட்டில் பழைய கேஸ் ஹீட்டர் இருந்தால் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும். ஜன்னல்களை மூடிக்கொண்டு சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓட்டினால், புகைபோக்கியில் போகவேண்டிய கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பலாம். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது, உயிரைப் பறிக்கும். கரி அடுப்பை உள்ளே மூட்டவே கூடாது.

படுக்கையறைக்கு அங்கேயே ஆயில் ஹீட்டர் வாங்கினால், சுவர் பிளக்கில் நேராக மாட்டட்டும், எக்ஸ்டென்ஷன் வேண்டாம். திரைச்சீலையும் காயும் துணியும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். படுக்கை மட்டும் சூடானால் போதுமென்றால் மின்போர்வை நல்லது, ஏறக்குறைய 100 வாட்தான். அரை மணி நேரம் முன்பே போட்டுவிட்டு, படுக்கும்போது அணைத்துவிடவேண்டும்.