பென்சில் யார் கையில் இருக்கிறது?

அன்புள்ள அம்மா,

எனக்கு 36 வயது. பட்டப்படிப்பு முடித்தவள். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் ஆசிரியர் உதவியாளர் வேலைக்கு முயலலாம் என்றிருக்கிறேன். வீட்டில், “இவ்வளவு படித்துவிட்டு டீச்சருக்கு எடுபிடியா?” என்கிறார்கள். இதிலேயே நிலைத்து நிற்க முடியுமா, இல்லை ஆசிரியராகும்வரை காத்திருக்கும் இடம்தானா? வகுப்பறையில் பல காலம் இருந்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

எடுபிடி வேலையும் உண்டு, மறைப்பானேன். நகல் எடுப்பது, நோட்டு அடுக்குவது, ஒழுகும் மூக்கைத் துடைப்பது, யாராவது வாந்தி எடுத்தால் ஓடுவது எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். ஆசிரியர் வேலையிலும் இதில் பாதி இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். ஆனால் இந்த வேலையின் கஷ்டம் அதில் இல்லை.

ஒரு குழந்தை 52-லிருந்து 27-ஐக் கழிக்கிறது. 2-ல் 7 போகாது என்பதால் 7-ல் 2-ஐக் கழித்து, 35 என்று எழுதிவிட்டது. பக்கத்தில் நீங்கள். வகுப்பு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. உங்கள் கை தானாகப் பென்சிலுக்குப் போகும். “ஐந்திடம் ஒன்று கடன் வாங்கு, பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து” என்று சொல்லி 25 எழுத வைத்துவிட்டால் வேலை முடிந்தது; நோட்டில் ‘சரி’ விழுந்துவிடும். நாளைக்கு 63-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் அந்தக் குழந்தை மறுபடி 35 என்றுதான் எழுதும். அதனால், “எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்லு” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாமல் இருந்துவிடும் குழந்தைகள் குறைந்தார்கள். குழந்தை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது 3 விநாடி எவ்வளவு நீளம் என்று போனால் தெரியும்!

உதவியாளர் இருந்தாலே போதும் என்று நினைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கிய ‘ஸ்டார்’ ஆய்வில், சிறிய வகுப்புகளில் படித்த பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். வழக்கமான அளவு வகுப்பில் ஓர் உதவியாளரைச் சேர்த்ததில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு குழு 2003 முதல் சில ஆண்டுகள் பார்த்ததில், உதவியாளரோடு அதிகம் இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். பயந்துவிடாதீர்கள். அந்தக் குழுவே உதவியாளர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களைப் பயன்படுத்திய விதத்தைத்தான் சொன்னது. பயிற்சி கிடையாது, ஆசிரியரோடு கலந்து பேச நேரம் கிடையாது. பாடம் ஆரம்பித்த பிறகுதான் இன்றைக்கு என்ன பாடம் என்றே பலருக்குத் தெரிந்தது. படிப்பில் பின்தங்கிய பிள்ளையை மூலையில் உதவியாளரோடு உட்கார வைத்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு ஆசிரியரே இல்லாமல் போய்விடுகிறது. முறையாகப் பயிற்சி கொடுத்து, சிறு குழுவுக்குத் திட்டமிட்ட பாடத்தை உதவியாளரிடம் ஒப்படைத்த இடங்களில் நல்ல பலன் வந்திருக்கிறது.

சரி, பிழைப்புக்கு வருவோம். சம்பளம் பெரும்பாலும் ஆசிரியரைவிட மிகக் குறைவு. பல இடங்களில் பள்ளி நடக்கும் நாட்களுக்கு மட்டும்தான் கணக்கு, நீண்ட விடுமுறையில் கையைப் பிசைய நேரும். அந்த வருமானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடக்க வேண்டுமென்றால் நான் வேண்டாம் என்பேன். தகுதி விதிகள் நாட்டுக்கு நாடு வேறு, உங்கள் இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் இடமா என்று கேட்டீர்கள். உதவியாளராக எத்தனை வருடம் இருந்தாலும் ஆசிரியர் சான்றிதழ் தானாக வந்து சேராது, அதற்குத் தனியாகப் படித்தாக வேண்டும். ஆசிரியராவதுதான் எண்ணம் என்றால் ஓரிரு வருடம் இருந்து பார்த்துவிட்டு அந்தப் படிப்பில் சேருங்கள். இதிலேயே இருக்க விருப்பம் என்றால் ஒன்றில் ஆழமாகப் போங்கள்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், வாசிப்பில் தடுமாறுகிறவர்கள், பள்ளியில் பேசும் மொழியே தெரியாமல் வந்து சேர்கிறவர்கள். பொதுவாக ‘உதவுகிறவர்’ என்று இருப்பவரை எந்த வருடமும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பேச்சே வராத பிள்ளையோடு படஅட்டை வைத்து உரையாடத் தெரிந்தவரை அப்படி லேசில் அனுப்ப மாட்டார்கள்.

அப்புறம், நேர்காணலில் நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள். வாரத்தில் எந்த நேரம் ஆசிரியரோடு உட்கார்ந்து பாடத்தைப் பேசுவேன்? அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா? முதல் கேள்விக்கே, “அதெல்லாம் நடைபாதையில் பேசிக்கொள்ளலாம்” என்று சொன்னால் வேறு பள்ளியைப் பாருங்கள்.