பரோட்டா விறைக்கிறது, சால்னா பிரிகிறது

கேள்வி: அக்கா, வாப்பாவுக்குக் கடைப் பரோட்டா என்றால் உயிர். இப்போது அவரால் கடை வரைக்கும் நடக்க முடியாததால் நானே வீட்டில் போடுகிறேன். மூன்று தடவை போட்டாயிற்று, ஆறினதும் அட்டை மாதிரி விறைத்துவிடுகிறது. சால்னாவும் மேலே தண்ணீர், அடியில் மசாலா என்று பிரிந்து நிற்கிறது. அரை கிலோ மைதாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் ஊற வைக்கிறேன். எங்கே தப்பு?
- வாசகி, கீழக்கரை

பதில்: நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. தண்ணீரும் போதவில்லை, ஊறலும் போதவில்லை. அரை கிலோ மைதா 280 முதல் 300 மில்லி தண்ணீர் கேட்கும். உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துப் பதினைந்து நிமிடம் அடித்துப் பிசையுங்கள், முதலில் கையில் ஒட்டும், பயந்துபோய் மேலே மாவு தூவிவிடாதீர்கள், பிசையப் பிசைய அதுவே கையை விட்டுவிடும். ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். அப்புறம் உருண்டை பிடித்து, எண்ணெயில் முக்கி, இன்னும் ஒன்றரை மணி நேரம். இந்த இரண்டாவது ஊறலைத்தான் வீட்டில் எல்லோரும் விட்டுவிடுகிறோம். பிசைந்தபோது இறுகின மாவு அதில்தான் தளர்கிறது, தளராத மாவை எவ்வளவு இழுத்தாலும் ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கும்.

வீசத் தெரியவில்லை என்றால் வேண்டாம். மேடையில் எண்ணெய் தடவி, அடியில் இருக்கிற கல் தெரிகிற அளவுக்குக் கையால் இழுத்து, கத்தியால் நீளநீளமாகக் கீறி, சேர்த்துச் சுருட்டிவிடுங்கள். சுடுகிற தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சிறு தீயில் நெடுநேரம் கிடந்தால் ஈரமெல்லாம் போய் விறைத்துவிடும். எடுத்த சூட்டோடு நாலைந்தை அடுக்கிப் பக்கவாட்டில் இரண்டு கையாலும் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். கை சுடத்தான் செய்யும், ஆனால் ஆறினபிறகு தட்டிப் பிரயோஜனம் இல்லை.

சரி, சால்னா. கால் கிலோ ஆட்டெலும்பை முதலில் வேக வைத்து அந்தத் தண்ணீரை எடுத்து வையுங்கள். பட்டை, கிராம்பு, கல்பாசி, சோம்பு தாளித்து, வெங்காயம் சிவந்ததும் இஞ்சி பூண்டு, தக்காளி, மல்லித்தூள். மிளகாய்க்கு நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாயே போதும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கினது சும்மாவா, அந்த உருண்டை மிளகாயை வறுத்துப் பொடித்தால் வருகிற வாசனை வேறு எதிலும் வராது. மசாலாவின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து மினுங்குகிற வரைக்கும் வதக்கணும். தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா மூன்றையும் விரலில் தொட்டால் நறநறக்காமல் வெண்ணெயாக அரைத்து அதில் சேர்க்கணும். வதக்கல் குறைந்தாலும், தேங்காய் திப்பியாக இருந்தாலும் சால்னா பிரியும். எலும்புத் தண்ணீரைச் சூடாகவே ஊற்றி, பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். ஆறினால் இறுகும், அதனால் இறக்கும்போது கொஞ்சம் நீர்க்கவே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் கறி எடுப்பதில்லை, மீன்தான். பரோட்டாவுக்கு மீன் சால்னா சரிப்படுமா?
- வாசகர், பாம்பன்

பதில்: தாராளமாக. எலும்புத் தண்ணீருக்குப் பதில் மீன் தலையை வேகவிட்டு வடிகட்டின தண்ணீர். புளி வேண்டாம், தக்காளிப் புளிப்பே போதும். சால்னா முழுசாகக் கொதித்து முடிந்தபிறகு சீலா மீனோ பாறை மீனோ துண்டுகளைப் போட்டு ஏழெட்டு நிமிடம், அவ்வளவுதான். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுற்றி விடுங்கள், துண்டு உடையாது.