போதைப் பழக்கம் இருந்தவரின் இதயம் வேண்டாமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. இதயத்தசை பலவீனமாகி, ஏழு மாதமாக மாற்று இதயத்துக்குக் காத்திருக்கிறோம். போதைப் பழக்கம் இருந்தவரின் இதயம் வந்தால் சம்மதமா என்று மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். "அந்தப் பழக்கம் என் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும், வேண்டவே வேண்டாம்" என்கிறார் மாமியார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்: மாமியாரின் பயத்தைத் தீர்ப்பது சுலபம். அடிமைப் பழக்கம் மூளையில் இருக்கிற சமாச்சாரம். கொடையாளியின் உடம்பிலிருந்து எடுக்கும்போதே இதயத்துக்கு வரும் நரம்புகள் அறுபட்டுவிடுகின்றன. மாற்று இதயம் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 90, 100 என்று துடிப்பது அதனால்தான். பழக்கமெல்லாம் கூடவே வராது.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கொக்கைனும் மெத்தாம்ஃபெட்டமைனும் இதயத்தைக் கெடுக்கக்கூடியவை. ரத்தக் குழாயில் சீக்கிரமே அடைப்பு வரலாம், தசை தடித்தோ தளர்ந்தோ போகலாம். ஹெராயின், ஃபென்டனில் போன்ற அபின் வகை மருந்துகளின் கதை வேறு. அளவு மீறினால் மூச்சு நின்று, ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை செத்துவிடுகிறது. இதயமும் அடி வாங்கும்தான். ஆனால் இளவயதுக்காரரின் இதயமாக இருந்தால் பல சமயம் தேறிவிடும். அமெரிக்காவில் இறந்தபின் உறுப்பு கொடுத்தவர்களில், போதை மருந்து மிகையால் இறந்தவர்கள் 2000-இல் 100-க்கு ஒருவர்தான். 2017-இல் 13 பேர். அவர்களின் இதயத்தைப் பெற்றவர்களும் மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள் என்றுதான் அங்கே வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஒன்று, அவையெல்லாம் சலித்து எடுத்த இதயங்கள்.

எப்படிச் சலிக்கிறார்கள்? எக்கோ எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஆஞ்சியோகிராம். கடைசியில் மார்பைத் திறந்ததும் அறுவை மருத்துவர் இதயத்தின் மேல் ஓடும் குழாய்களை விரலால் தடவிப் பார்ப்பார். சுண்ணாம்பு படிந்த குழாய் கெட்டியாக, நெருடலாக விரலில் தட்டுப்படும். அங்கே வந்து வேண்டாம் என்று விட்டுவிடுவதும் உண்டு.

அப்புறம் தொற்று. ஊசி போட்டுக்கொண்டவர் என்றால் ஹெச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி பற்றி யோசிக்கத்தான் வேண்டும். கிருமியின் மரபணுவையே தேடும் பரிசோதனை இப்போது இருக்கிறது. தொற்றிய ஆரம்ப நாட்களில் மட்டும் அதன் கண்ணிலும் கிருமி படாமல் போகலாம். ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி என்றால் அந்த இடைவெளி ஒரு வாரத்தை ஒட்டித்தான். பி-க்கு இன்னும் கூடுதல், மூன்று வாரம்கூட ஆகலாம். அதனால்தான் மாற்றிய 4 முதல் 6 வாரத்தில் உங்கள் கணவருக்கும் ஒருமுறை சோதிப்பார்கள். ஹெபடைட்டிஸ் சி இருப்பது தெரிந்தே இதயத்தை எடுத்துக்கொள்கிற காலம் இது. 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது.

தராசின் ஒரு தட்டை மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். இன்னொரு தட்டில் இருப்பது உங்கள் கணவரின் இப்போதைய இதயம். இதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், படிவத்தில் சம்மதம் என்றே போடுங்கள். கையெழுத்துப் போட்டதாலேயே வருவதை எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு முறையும் மறுக்கலாம். ஆனால் எடுத்த இதயம் வெளியில் பொதுவாக நான்கு மணி நேரம்தான் தாங்கும். நடுராத்திரியில் போன் வந்தபிறகு குடும்பத்தைக் கூட்டிப் பேச நேரம் இருக்காது. அதனால் என்ன போதைப் பொருள், ஊசியா, எக்கோ எப்படி, அடைப்பு உண்டா என்ற நான்கு கேள்விகளை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். கடிதத்தில் மாமியார் சொன்னது இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது. உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லையே? படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தானே.