முதல் ஒப்பந்தப் பேச்சு: மணிக்கூலிக்கு முன்னால் ஷிப்டைப் பேசுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஓர் இசை அரங்கத்தில் பார் ஊழியராக இருக்கிறேன். பார், டிக்கெட் கவுன்டர், சவுண்டு, லைட் ஆட்கள் சேர்ந்து சங்கம் அமைத்து, தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் நடத்திய தேர்தலிலும் வென்றுவிட்டோம். அடுத்த மாதம் நிர்வாகத்தோடு முதல் ஒப்பந்தப் பேச்சு. குழுவில் நானும் இருக்கிறேன். எங்கே தொடங்குவது? செக்யூரிட்டி ஆட்களை எங்களோடு சேர்க்கவே முடியாது என்கிறதே நிர்வாகம், உண்மையா?

பதில்: மணிக்கு எத்தனை டாலர் என்பதில் தொடங்காதீர்கள். பல குழுக்கள் அங்கே தொடங்கி அங்கேயே களைத்துப்போகின்றன. எத்தனை ஷிப்ட் கிடைக்கிறது, எப்போது ரத்தாகிறது, டிப்ஸ் யார் கைக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் அரங்க ஊழியரின் வருமானம் ஏறி இறங்குகிறது. வாரம் நான்கு ஷிப்ட், ஒவ்வொன்றும் 6 மணி நேரம், மணிக்கு 16 டாலர் என்று வையுங்கள். போராடி 2 டாலர் உயர்வு வாங்கினால் வாரத்துக்கு 48 டாலர் கூடும். பாடகருக்குத் தொண்டை கட்டி ஒரே ஒரு நிகழ்ச்சி ரத்தானால் 108 டாலரும் அன்றைய டிப்ஸும் போய்விடும். அந்த ஒரு ரத்து இரண்டு வார உயர்வை விழுங்கிவிடுகிறது.

பேச்சு தொடங்கும் முன்பே எழுத்தில் ஒரு தகவல் கோரிக்கை அனுப்புங்கள். 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி, பேச்சுக்குத் தேவையான தகவலைத் தருவது நிர்வாகத்தின் கடமை. கடந்த 24 மாத ஷிப்ட் பட்டியலைக் கேளுங்கள். முதலில் போட்டதும் வேண்டும், பிறகு மாற்றியதும் வேண்டும். ரத்தான நிகழ்ச்சிகள், ஊழியருக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னார்கள், ஆள்வாரியாகக் கிடைத்த மணி நேரம், டிப்ஸ் பங்கீட்டுக் கணக்கு, தனியார் விருந்துகளில் வசூலித்த சேவைக் கட்டணம், வெளி ஏஜென்சிக்குக் கொடுத்த வேலை ஆகியவற்றையும் சேருங்கள். பதிலுக்கு ஒரு தேதி குறியுங்கள். காரணமில்லாமல் இழுத்தடித்தால் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு 6 மாதக் கெடு உண்டு.

குறிப்பெடுக்க என்றே ஒருவரை உட்காரவையுங்கள். அவர் வேறு எதுவும் பேச வேண்டாம். நிர்வாகம் “எங்களால் கொடுக்க முடியாது” என்று சொன்னால் அந்தச் சொற்களை அப்படியே எழுத வேண்டும். பணம் இல்லை என்று சொல்லும் நிர்வாகத்திடம் வரவுசெலவுக் கணக்கைக் காட்டச் சொல்லும் உரிமை 1956ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து சங்கங்களுக்கு இருக்கிறது. “கொடுக்க விருப்பமில்லை”, “மற்ற அரங்குகளில் இவ்வளவுதான்” என்றால் அந்த உரிமை வராது. நல்ல வழக்கறிஞரை வைத்திருக்கும் நிர்வாகம் “முடியாது” என்ற சொல்லை வாயில் எடுக்கவே எடுக்காது.

இன்னொன்று: பேச்சு நடக்கும்போது ஷிப்ட் முறை, டிப்ஸ் பங்கீடு, இலவசச் சாப்பாடு எதையும் நிர்வாகம் தன்னிச்சையாக மாற்றக் கூடாது. இது 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இப்போது இருக்கும் நடைமுறையை நிரூபிக்க உங்களிடம் ஆதாரம் இருந்தால்தான் இது பயன்படும். ஷிப்ட் போடும் செயலியை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள்.

இனி ஷிப்ட் பிரிவு. “நியாயமான முன்னறிவிப்பு” என்ற சொல்லை ஒப்பந்தத்தில் நுழைய விடாதீர்கள். எது நியாயம் என்று பிறகு அவர்கள்தான் முடிவு செய்வார்கள். மணியும் தொகையும் வேண்டும். உதாரணமாக: “ஷிப்ட் தொடங்க 72 மணி நேரத்துக்குள் ரத்தானால் 4 மணி நேரக் கூலி, 24 மணி நேரத்துக்குள் ரத்தானால் முழு ஷிப்ட் கூலி, ரத்துக்கான காரணம் எதுவாயினும் இது பொருந்தும்.” கடைசி வரியில்தான் பேரமே நடக்கும். இயற்கைச் சீற்றத்துக்கு விலக்குக் கேட்பார்கள், கொடுக்கலாம். கலைஞர் வராததும் டிக்கெட் விற்காததும் அந்த விலக்குக்குள் நுழைய விடாதீர்கள். கூட்டரசுச் சட்டத்தில் இதற்குப் பாதுகாப்பு இல்லை. கலிபோர்னியாவில் வேலைக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் குறித்த நேரத்தில் பாதிக்குக் கூலி உண்டு, குறைந்தது 2 மணி நேரம், அதிகபட்சம் 4 மணி நேரம். வராதே என்று முன்கூட்டியே சொன்னால் அதுவும் கிடையாது.

மேடைப் பணியாளர்களுக்கு ஓய்வு இடைவெளி தனியாக வேண்டும். சாமான் ஏற்றி முடிய அதிகாலை 3 மணி, அடுத்த குழுவின் லாரி காலை 10 மணிக்கு என்றால் நடுவில் 7 மணி நேரம்தான். வீடு போய் வருவதைக் கழித்தால் தூக்கம் ஐந்துகூட மிஞ்சாது. இருட்டில், பளு தொங்கும் கம்பிக்குக் கீழே வேலை செய்பவருக்கு அது ஆபத்து. 10 மணி நேர இடைவெளி, அது குறைந்தால் அடுத்த ஷிப்ட் முழுவதற்கும் ஒன்றரை மடங்கு கூலி என்று கேளுங்கள். அழைத்தால் குறைந்தது 4 மணி நேரக் கூலி என்பது மேடைத் தொழிலில் பழகிய விதி. 5 மணி நேரத்துக்குள் சாப்பாட்டு இடைவேளை என்பதும் அப்படியே.

டிப்ஸில் ஒரு பொறி இருக்கிறது. 2018 சட்டத் திருத்தத்தின்படி மேலாளர்கள் ஊழியர்களின் டிப்ஸ் தொகுப்பில் பங்கு எடுக்கக் கூடாது. ஆனால் கூட்டரசுச் சட்டப்படி பில்லில் கட்டாயமாகப் போடும் சேவைக் கட்டணம் டிப்ஸ் ஆகாது, அது நிறுவனத்தின் பணம். சில மாநிலங்களில் விதி வேறு. அதில் எத்தனை சதவீதம் ஊழியருக்கு, யார் யாருக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

காதை மறந்துவிடாதீர்கள். கூட்டரசு விதிப்படி 8 மணி நேரச் சராசரி 85 டெசிபல் ஆனாலே இலவசச் செவிக்காப்பும் ஆண்டுதோறும் கேட்புச் சோதனையும் தர வேண்டும். அதே விதி 100 டெசிபலில் 2 மணி நேரம் வரை அனுமதிக்கிறது. அரசின் பணிச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரையோ அதே ஒலிக்கு 15 நிமிடம்தான். மேடைக்கு அருகில் பார் இருந்தால் ஆட்களைச் சுழற்சியில் மாற்றச் சொல்லுங்கள். செலவு குறைவு என்பதால் இதில் உடன்பாடு சீக்கிரம் வரும். முதல் சில கூட்டங்களிலேயே முடித்துவிடலாம்.

செக்யூரிட்டி விஷயத்தில் நிர்வாகம் சொல்வது பாதி உண்மை. சட்டப்படி காவலர்களையும் மற்றவர்களையும் ஒரே பிரிவாக, அதாவது சேர்ந்து ஒப்பந்தம் பேசும் ஒரே அணியாக, வாரியம் சான்றளிக்க முடியாது. நிர்வாகம் தானே முன்வந்து ஏற்றால் கலந்த பிரிவு செல்லும். நிர்வாகம் தானே ஏற்பது நடக்காத காரியமும் அல்ல: 2023 நவம்பரில் மினியாபொலிஸின் பர்ஸ்ட் அவென்யூ அரங்க நிர்வாகம், யுனைட் ஹியர் சங்கத்தின் 17ஆம் கிளையைத் தேர்தல் இல்லாமலே அங்கீகரித்தது. தவிர, பெயரில் ‘செக்யூரிட்டி’ இருப்பதால் மட்டும் ஒருவர் காவலர் ஆகிவிடமாட்டார். டிக்கெட் கிழிப்பவரையும் இருக்கை காட்டுபவரையும் அந்தப் பெயரில் ஒதுக்கினால், அவர்கள் உண்மையில் செய்யும் வேலையை வரிசையாக எழுதிக் கேள்வி கேளுங்கள்.

உடன்பட்ட ஒவ்வொரு பிரிவிலும் இரு தரப்பும் அன்றைக்கே கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். பணம் சம்பந்தப்பட்டதைக் கடைசிக்கு வையுங்கள். ‘நிர்வாக உரிமைகள்’ என்ற பிரிவு வரும். ஷிப்ட் மாற்றமும் வெளி ஆட்களும் அதற்குள் ஒளிந்திருக்கும், ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். ஒப்பந்தக் காலத்தில் வேலைநிறுத்தம் இல்லை என்று எழுதிக் கொடுப்பதாக இருந்தால், தகராறுகளுக்கு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பு பதிலுக்கு வர வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்காமல் விட்டால், உங்கள் ஒப்பந்தத்தை அமலாக்கவே வழி இருக்காது.

அவசரப்படவும் வேண்டாம், அளவுக்கு மீறி இழுக்கவும் வேண்டாம். வாரியச் சான்றளிப்புக்குப் பிறகு ஓராண்டுக்குச் சங்கத்தின் பெரும்பான்மையைக் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் முடிக்கப் பாருங்கள். வேலைநிறுத்தம் பற்றி யாராவது பேசினால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்: கூலிக்காக மட்டும் நடக்கும் நிறுத்தத்தில் நிரந்தர மாற்று ஆட்களை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. நிர்வாகத்தின் சட்டமீறலை எதிர்த்து நடந்தால் அது முடியாது.

ஒப்பந்தம் முடியும் தேதியையும் நீங்களே முன்மொழியுங்கள். மூன்று ஆண்டு என்று பேசி, முடிவுத் தேதியை ஜனவரி 31க்கு நிர்வாகம் தள்ளப் பார்க்கும். நிகழ்ச்சி குறைந்த மாதம் அது. அப்போது உங்கள் பேச்சுக்கு எடை இருக்காது. உங்கள் அரங்கின் நாட்காட்டியில் டிக்கெட் அதிகம் விற்றுத் தீரும் மாதத்தைப் பார்த்து, அதற்கு முந்தைய மாதக் கடைசித் தேதியைக் கேளுங்கள்.